தோண்டிய காட்டு ஜின்செங்கை விற்கும்வரை வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் செப்டம்பர் பிறந்தால் காட்டு ஜின்செங் என்ற மருந்து வேரைத் தோண்டும் காலம். அங்குள்ளவர்கள் அதைச் செல்லமாக ‘சாங்’ என்பார்கள். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, ஒஹாயோ, டென்னசி பக்கம் தாத்தா காலத்திலிருந்து இதைச் செய்துவரும் குடும்பங்கள் உண்டு. இப்போது அந்தப் பக்கம் காட்டோடு சேர்ந்த நிலம் வாங்கியவர்களும் தங்கள் மரநிழலில் இந்தச் செடியைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும், ஒரு வேருக்கு இவ்வளவு விலை ஏன் என்று சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். காட்டில் எப்படித் தேடுவது என்பது தனிக் கதை. வேர் கைக்கு வந்த பிறகு, வியாபாரியின் தராசில் ஏறும்வரை என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

இது எந்த ஜின்செங்?

பனாக்ஸ் குவின்குஃபோலியஸ் என்ற அமெரிக்க ஜின்செங். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில், இலையுதிர் மரங்களின் அடர்ந்த நிழலில் வளரும். கொரியாவிலும் சீனாவிலும் புகழ்பெற்ற ஜின்செங் இதன் நெருங்கிய உறவு. நம் ஊர்க் கடைகளில் ‘இந்திய ஜின்செங்’ என்று விற்கும் அமுக்கராவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அமுக்கரா கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

விஸ்கான்சினின் மாரத்தான் கவுண்டியிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் நிழல்பந்தல் போட்டுப் பயிரிடும் ஜின்செங்கும் இதே இனம்தான். ஆனால் பண்ணை வேர் கொழுத்து, வழுவழுப்பாக, சில ஆண்டுகளிலேயே அறுவடைக்கு வந்துவிடும். காட்டு வேர் மெதுவாக வளர்ந்து, முறுக்கிக்கொண்டு, மேல்பகுதியில் நெருக்கமான வளையங்களோடு இருக்கும். ஹாங்காங் வாங்குபவர்கள் பல மடங்கு விலை கொடுப்பது அந்தத் தோற்றத்துக்குத்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் அடிப்படை இதுவே: வேர் அழுகாமல் இருந்தால் மட்டும் போதாது, காட்டிலிருந்து வந்தது என்று பார்த்த உடனே தெரிய வேண்டும்.

தோண்டிய இடத்திலேயே கவனிக்க வேண்டியது என்ன?

முதலில் கழுத்து. வேரின் உச்சியில் மெலிந்த தண்டு போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் தண்டு உதிரும்போது அங்கே ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்புகளை எண்ணித்தான் வயதைச் சொல்வார்கள். நான்கு தழும்பு இருந்தால் ஐந்து வயது. ஏற்றுமதி செய்யும் மாநிலங்களில் பெரும்பாலானவை குறைந்தது ஐந்து வயதான செடியைத்தான் தோண்ட விடுகின்றன. இல்லினாயில் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். கழுத்து ஒடிந்துவிட்டால் வயதுக்குச் சான்று போய்விட்டது. விலையும் குறையும், சட்டச் சிக்கலும் வரலாம். எனவே செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றிலும் மண்ணைத் தளர்த்திவிட்டு எடுங்கள்.

சிவந்த பழங்களை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விதைகளை அந்த இடத்திலேயே, தாய்ச்செடி நின்ற மண்ணில் ஓர் அங்குல ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். பல மாநிலங்களில் இது சட்டம். அந்த விதை முளைக்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்பதால், இன்று புதைக்காதவருக்கு நாளை தோண்ட எதுவும் இருக்காது.

அப்புறம் பை. பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் காரியம். தோண்டிய வேருக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடும், வெப்பம் விடும், ஈரம் விடும். மூடிய பைக்குள் சாயங்காலத்துக்குள் வேர்த்துப் புழுங்கிப்போகும். துணிப்பையோ வலைப்பையோ போதும். காட்டுத் தரையிலிருக்கும் ஈரப்பாசி கொஞ்சம் சேர்த்துப் போட்டால் சல்லிவேர்கள் ஒடியாமலும் இருக்கும். கொரியாவில் மலை ஜின்செங் தேடுபவர்கள் இன்றும் வேரைப் பாசியில் சுற்றி, மரப்பட்டைக்குள் பொதிந்து கொண்டுவருகிறார்கள். அதைவிட நல்ல பொதியை யாரும் இன்னும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

கழுவலாமா?

கழுவலாம். தேய்க்கக் கூடாது.

குளிர்ந்த நீர் நிரம்பிய வாளியில் போட்டு மெதுவாக அலசி எடுங்கள், அல்லது குழாய் நீரை மென்மையாக விட்டு மேல்மண்ணைப் போக்குங்கள். பல் துலக்கும் பிரஷ், நார், அழுத்தமான நீர்ப்பீச்சு எதுவும் வேண்டாம். தோல் உரிந்தால் அந்த இடம் காயும்போது கறுக்கும். பூஞ்சணம் நுழைய வாசலும் அதுவே. இன்னொன்று, வளையங்களின் இடுக்கில் கொஞ்சம் மண்ணின் நிறம் தங்கியிருப்பதை வாங்குபவர்கள் விரும்புகிறார்கள். பளிச்சென்று வெளுத்த வேர் பண்ணை வேர் போலத் தெரியும். அதற்காக மண்கட்டியோடு கொண்டுபோனால், எடை பார்ப்பவர் மண்ணுக்கும் சேர்த்துக் கழித்துவிடுவார்.

உடனே காயவைக்கப் போகிறீர்கள் என்றால் அன்றே கழுவுங்கள். பச்சையாகச் சில நாள் வைத்திருப்பதாக இருந்தால், கழுவாமல் மண்ணை உதறிவிட்டு வைப்பது நல்லது. விற்கும் முந்தின நாள் அலசிக்கொள்ளலாம்.

பச்சையாக விற்பதா, காயவைத்து விற்பதா?

எல்லா முடிவும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி நிற்கிறது. முதல் நாள் சாயங்காலமே இதை முடிவு செய்துவிட வேண்டும். பாதி பச்சையாக, பாதி வதங்கியதாக ஒரு வாரம் சமையலறை மூலையில் கிடக்கும் வேருக்கு இரண்டு சந்தையிலும் மதிப்பில்லை.

கணக்கு இப்படி. மூன்று முதல் மூன்றரை பவுண்டு பச்சை வேர் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு பவுண்டு கிடைக்கும். பருவத்தின் தொடக்கத்தில் தோண்டியதில் நீர் அதிகம். அது இன்னும் சுருங்கும். இலை மஞ்சளாகி விழத் தொடங்கிய பிறகு எடுத்த வேர் கனமாகக் காயும் என்பது பழைய ஆட்களின் அனுபவம். வியாபாரியும் இதே கணக்கைப் போட்டு, சேதத்துக்குக் கொஞ்சம் ஒதுக்கித்தான் பச்சை விலையைச் சொல்வார். அதனால் காய்ந்த வேரின் விலையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை பச்சை விலை இருந்தால் அது நியாயமான விலை. பச்சை விலையைக் கேட்டதும் ‘ஏமாற்றுகிறார்’ என்று கோபப்படும் முன் ஒரு முறை பெருக்கிப் பாருங்கள்.

பச்சையாக விற்பதில் வருமானம் கொஞ்சம் குறையலாம். ஆனால் பூஞ்சணம், எலி, தப்பான சூடு எல்லாமே வாங்கியவரின் கவலையாகிவிடும். சில ஏற்றுமதியாளர்கள் தாங்களே காயவைக்க விரும்பிப் பச்சை வேரைத்தான் தேடுவார்கள்.

என் கருத்தைக் கேட்டால்: முதல் ஆண்டு தோண்டுபவர், வீட்டில் காற்றோட்டமான உலர்ந்த அறை இல்லாதவர், இரண்டு பேருமே பச்சையாக விற்பதுதான் புத்திசாலித்தனம். ஒரு பவுண்டு காய்ந்த வேருக்குச் சுமார் இருநூறு, முந்நூறு வேர்கள் வேண்டும். அத்தனை செடியைக் கொன்று எடுத்ததை ஒரு வாரத்துக் கவனக்குறைவில் குப்பையில் போடுவது பணநஷ்டத்தைவிட மோசம்.

பச்சை வேரை ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

ஒன்றிரண்டு வாரம் சிரமமில்லாமல் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் தாங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது 1 முதல் 4 டிகிரி செல்சியஸ்வரை இருக்கும் காய்கறித் தட்டுதான் சரியான இடம்.

இங்கே சமாளிக்க வேண்டியவை இரண்டு, அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. ஈரம் குறைந்தால் வேர் வதங்கி எடை போகும். ஈரம் தேங்கினால் பூஞ்சணம் வரும். காகிதப் பையில் போட்டு, அதைத் தளர்வாகத் திறந்திருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் வைப்பது நல்ல நடுவழி. பிழிந்தெடுத்த பாசியையோ சற்றே ஈரமான காகிதத் துண்டையோ கூடவே வைக்கலாம். கையில் பிடித்தால் நீர் சொட்டக் கூடாது, அதுதான் அளவு. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை திறந்து பார்த்து, நொய்ந்த வேர் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். பழத்தட்டிலும் வைக்காதீர்கள், அடியில் தண்ணீர் நிற்கும் மூலையிலும் வைக்காதீர்கள்.

வேரைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடை ஏற்றுவது ஒரு பழைய தந்திரம். அதைவிடப் பழையவர்கள் வியாபாரிகள்.

ஃபிரீசரில் வைத்தால்?

கூடாது. உறையும்போது வேருக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடும். வெளியே எடுத்ததும் கொழகொழவென்று ஆகிவிடும். தொழிற்சாலையில் உறையவைத்து உலர்த்தும் முறை உண்டு. அதற்கான இயந்திரம் வேறு. வீட்டு ஃபிரீசர் அந்த வேலையைச் செய்யாது.

காயவைப்பதற்குச் சரியான முறை என்ன?

நிழல், காற்று, மிதமான வெப்பம், பொறுமை. இந்த நான்கில் கடைசியானதுதான் கடையில் கிடைக்காது.

மரச்சட்டத்தில் வலை அடித்த தட்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். பழைய ஜன்னல் கொசுவலைச் சட்டமே போதும். வேர்களை ஒன்றை ஒன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கீழேயும் மேலேயும் காற்று போக வேண்டும் என்பதால் தட்டைத் தரையில் வைக்காமல் நான்கு செங்கல்லின் மேலாவது தூக்கி வையுங்கள். மின்விசிறி நேராக வேரின் மேல் அடிக்காமல், அறையின் காற்றை நகர்த்தினால் போதும். நிலவறையில் ஈரம் அதிகம் இருந்தால் அங்கே காயவைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை ஓடவிடுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, முதல் சில நாள் 60 முதல் 80 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 16 முதல் 27 செல்சியஸ்வரை. அதற்குப் பிறகு மெல்ல 90 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 32 செல்சியஸ் வரை ஏற்றலாம். சிறிய காட்டு வேர் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்துவிடும். தடித்த வேருக்கு மூன்று முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். தினமும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். புரட்டும்போதே தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம்தான் வெப்பமானியைவிட உதவும்.

வேரை வெட்டிக் காயவைத்தால் சீக்கிரம் காயும்தானே என்பவர்களுக்கு: காயும், ஆனால் காட்டு வேராக விற்காது. முழு வேர், கழுத்தோடு, முடிந்தவரை சல்லிவேர்களோடு. மனித உருவம் போலக் கைகால் கிளைத்த வேருக்குத் தனி மதிப்பு உண்டு. அதில் ஒரு காலை ஒடித்துவிட்டால் அது வெறும் வேர்.

இவ்வளவு நிதானம் எதற்கு? ஓவனில் ஒரே நாளில் முடித்துவிடலாமே?

இந்தக் கேள்விக்குக் கனடா 1750-களிலேயே பதில் சொல்லிவிட்டது.

லாஃபிட்டோ என்ற ஜேசு சபைப் பாதிரியார் 1716-இல், மான்ட்ரியல் அருகே மொஹாக் பழங்குடி மக்களின் உதவியோடு இந்தச் செடியை அடையாளம் கண்டார். சீனாவிலிருந்து ஜார்டூ என்ற இன்னொரு பாதிரியார் எழுதிய கடிதத்தில் ஜின்செங்கைப் பற்றிப் படித்திருந்ததால், இங்கேயும் இருக்கலாம் என்று தேடியிருக்கிறார். அதிலிருந்து பிரெஞ்சுக் கனடாவுக்கும் சீனாவுக்கும் இடையே வணிகம் தொடங்கி, 1752-இல் ஏற்றுமதி 5 லட்சம் ஃபிராங்க் அளவுக்கு ஏறியது. விலை ஏறியதும் ஆட்கள் வயல் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். செப்டம்பர்வரை காத்திருக்காமல் கோடையிலேயே தோண்டினார்கள். நிழலில் காயவைக்க நேரமில்லை என்று ரொட்டி சுடும் அடுப்பில் போட்டு உலர்த்தினார்கள். அந்தச் சரக்கைச் சீன வணிகர்கள் தொடவில்லை. 1754-இல் ஏற்றுமதி 33 ஆயிரம் ஃபிராங்காகச் சரிந்தது. அதன் பிறகு நெடுங்காலம் கனடா வேர் என்றாலே சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

ஓவனில் நடப்பது இதுதான். அதிகச் சூட்டில் வெளித்தோல் முதலில் இறுகி ஓடு போலாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும். உடைத்தால் நடுவில் பழுப்பு வளையம். சில வாரம் கழித்து உள்ளிருந்தே பூஞ்சணம் கிளம்பும். அனுபவமுள்ள வியாபாரி குவியலிலிருந்து ஒன்றிரண்டை உடைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

உணவு உலர்த்தும் இயந்திரம், மொட்டைவெயில், கார்?

இயந்திரத்தை மிகக் குறைந்த வெப்பத்தில் வைக்க முடிந்தால் பரவாயில்லை. 35 செல்சியஸுக்குக் கீழே இறங்காத இயந்திரம் என்றால் விட்டுவிடுங்கள். நேரடி வெயில் நிறத்தை மாற்றும், ஒரு பக்கம் மட்டும் காயவைக்கும். கார் கண்ணாடிக்குக் கீழே பரப்பும் வழக்கம் மலைப்பக்கத்தில் இருக்கிறது. பகலில் அடுப்பு, இரவில் பனி, நடுவில் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். மைக்ரோவேவ் என்ற யோசனையைப் பற்றிப் பேசவே வேண்டாம். விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் புகை வாசம் ஏறும், மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கும் அறையில் அந்த வாசம் ஏறும். ஏறியது இறங்காது.

மஞ்சளை வேகவைத்துக் காயவைப்பது போல இதையும் செய்யலாமா?

நம் ஊரிலிருந்து வரும் நியாயமான சந்தேகம். கொரியாவில் உண்மையாகவே ஆவியில் வேகவைத்து உலர்த்துகிறார்கள். அதுதான் சிவப்பு ஜின்செங். ஆனால் அது பெரும்பாலும் ஆறு வயதான பண்ணை வேரில், அதற்கென்றே அமைந்த ஆலைகளில் செய்வது. அமெரிக்கக் காட்டு வேரை வாங்குபவர்கள் தோலோடு இயல்பாக உலர்ந்ததைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் வேகவைத்தால் வாங்க ஆள் இருக்காது.

காய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வேரை ஒடித்துப் பாருங்கள். சுள்ளி போல ‘டக்’கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உடைந்த இடம் வெள்ளையாகவோ வெளிர் சந்தன நிறத்திலோ ஒரே சீராக இருக்க வேண்டும். மெல்லிய சல்லிவேர் சீக்கிரம் முறுகிவிடும் என்பதால் அதை ஒடித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். இருப்பதிலேயே தடித்த வேரில், கழுத்துக்குக் கீழே இருக்கும் பகுதியில்தான் பரிசோதனை.

காய்ந்த வேரை எதில் போட்டு வைப்பது?

அட்டைப்பெட்டி, தடித்த காகிதப் பை, பருத்தித் துணிப்பை. பெரிய வியாபாரிகள் அட்டையால் ஆன உருளைப் பீப்பாய்களில் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் பொது அம்சம், காற்று கொஞ்சம் போய்வரும். இறுக மூடிய பிளாஸ்டிக்கில் வைத்தால், பகலிரவு வெப்பமாற்றத்தில் உள்ளே வேர்த்து, மிச்சமிருந்த ஈரமெல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். காய்ந்த ஜின்செங் காற்றிலிருந்தும் ஈரம் இழுக்கும். மழை வாரத்தில் மொறுமொறுப்பு போய்த் தோல் போல வளையத் தொடங்கினால், மறுபடி தட்டில் பரப்பி ஓரிரு நாள் காற்றாட விடுங்கள்.

பெட்டியைக் குளிர்ந்த, இருண்ட, உலர்ந்த இடத்தில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். எலிக்கு இந்த வேர் மேல் தனிப் பிரியம். மூடியில் சிறு துளையிட்ட தகர டப்பாவுக்குள் துணிப்பையை வைத்தால் எலியும் வராது, காற்றும் போகும். அப்புறம் பூச்சி: மளிகைச் சாமான்களில் வரும் அந்துப்பூச்சியும், மருந்துச் சரக்குகளைத் துளைக்கும் சிறு வண்டும் ஜின்செங்கையும் விடாது. வேரின் அடியில் மாவு போலத் தூள் விழுந்திருந்தால் அது அவற்றின் வேலை. அரிசி, பருப்பு வைத்திருக்கும் அலமாரியில் ஜின்செங்கை வைக்காதீர்கள். அந்துருண்டையும் போடாதீர்கள், அந்த வாசம் வந்தால் பூச்சி அரித்ததைவிட மோசம்.

காய்ந்த சரக்கு நனைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் பூனின் கதை ஒன்று உண்டு. கென்டக்கியின் புகழ்பெற்ற எல்லைப்புற வேட்டைக்காரரான அவர், 1787-88 குளிர்காலத்தில் பல டன் ஜின்செங்கைப் படகில் ஏற்றி ஒஹாயோ ஆற்றில் கொண்டுபோனபோது படகு தண்ணீருக்குள் போனது. மீட்டெடுத்துத் திரும்பக் காயவைத்து அவர் சந்தைக்குக் கொண்டுபோவதற்குள் விலை பாதியாகிவிட்டது என்பார்கள். நனைந்த சேதம் ஒரு பங்கு, தாமதம் மறுபங்கு.

பூஞ்சணம் தெரிகிறது. துடைத்துவிட்டு விற்கலாமா?

பச்சை வேரில், ஒரே ஒரு வேரின் மேல் லேசான வெள்ளைப் படலம் என்றால், அதைத் தனியே எடுத்து அலசி, உடனே காயவைத்துப் பார்க்கலாம். மற்றவற்றை நன்றாகப் பரப்பிவிடுங்கள். காய்ந்த வேரில் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்திருந்தால் அது உள்ளே போயிருக்கும். தூக்கிப் போடுங்கள். யாரோ ஒருவர் கஷாயம் வைத்துக் குடிக்கப்போகும் பொருள் இது.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டில் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

அமெரிக்க ஜின்செங் 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதனால் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு காட்டு வேரும் எந்த மாநிலத்திலிருந்து, சட்டப்படி வந்தது என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். மொத்தம் 19 மாநிலங்களுக்குத்தான் அந்த அனுமதி. ஒவ்வொன்றிலும் விதி கொஞ்சம் மாறும்.

மேற்கு வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். தோண்டும் காலம் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை. தோண்டியதை அடுத்த மார்ச் 31-க்குள் பதிவுபெற்ற வியாபாரியிடம் விற்க வேண்டும். இல்லையென்றால் மாநில வனத்துறையின் எடை நிலையத்தில் எடை போட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ரசீது இருந்தால் அடுத்த பருவத்துக்கும் வைத்திருக்கலாம். இந்தத் தேதியை மறந்துவிட்டு நல்ல விலைக்குக் காத்திருந்தவரின் கையில் இருப்பது விற்க முடியாத வேர். சான்றிதழ் இல்லாத வேரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பதும் குற்றம். பக்கத்து மாநிலத்தில் விலை கூட என்று கேள்விப்பட்டு வண்டியை எடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டி, தோண்டிய தேதி, கவுண்டி, யாருடைய நிலம், பச்சை எடை, காய்ந்த எடை எழுதி வைத்தால் வியாபாரி கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் தயார். வேறொருவர் நிலம் என்றால் அவருடைய எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். தேசியப் பூங்காக்களில் தோண்டவே கூடாது. கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் வேர்களுக்கு அடையாளச் சாயம் இட்டிருக்கிறார்கள். கழுவினாலும் காயவைத்தாலும் திருட்டு வேர் மாட்டிக்கொள்ளும். வட கரோலினாவின் நாந்தஹாலா, பிஸ்கா தேசிய வனங்களில் முன்பு அனுமதிச் சீட்டு கொடுத்துவந்தார்கள். செடிகள் அருகிவிட்டதால் 2021 முதல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

விலை ஏறும்வரை காத்திருக்கலாமா?

காய்ந்த வேர் சரியாக இருந்தால் காத்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும். நல்ல காட்டு வேருக்குப் பவுண்டுக்குப் பல நூறு டாலர் கிடைக்கும்; ஆனால் ஹாங்காங் சந்தை, டாலர் மதிப்பு, அந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்பதையெல்லாம் பொறுத்து அது ஒரே பருவத்துக்குள் ஏறி இறங்கும். வியாபாரிகளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஒருவரிடம் மட்டும் கேட்காமல் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். கொஞ்சத்தை இப்போது விற்றுவிட்டு மீதியை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. காத்திருக்கும் காலத்தில் எடை இன்னும் சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரியதையும் சிறியதையும் பிரித்து வைக்கட்டுமா?

உங்கள் வசதி. பல வியாபாரிகள் மொத்தமாகத்தான் வாங்குவார்கள், பிரித்தெடுக்கும் வேலை அவர்களுடையது. ஒடிந்த சல்லிவேர்களை மட்டும் தூக்கிப் போடாமல் தனிப்பையில் சேர்த்து வையுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு.

யாரிடமாவது சொல்லலாமா?

விற்கும்வரை வேண்டாம். காட்டில் திருட்டுத் தோண்டல் நடப்பது போலவே, காயவைத்த தட்டோடு தூக்கிப்போவதும் நடக்கிறது. தட்டு நிறைய வேரைப் படம் பிடித்து முகநூலில் போடும் ஆசையைப் பணம் கைக்கு வரும்வரை தள்ளி வையுங்கள். போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இடம் தெரியாமல் போடுங்கள்.

நாலு வேரை வீட்டுக்கு வைத்துக்கொண்டு டீ போடலாமா?

சட்டப்படி தோண்டியதுதானே, வைத்துக்கொள்ளலாம். மெல்லிய சீவல்களாக வெந்நீரில் போட்டுக் குடிப்பார்கள். முதலில் கசக்கும், பிறகு லேசாக இனிக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. அமெரிக்க ஜின்செங் அந்த மருந்தின் வேலையைக் குறைப்பது சோதனையில் தெரியவந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இது இரத்தச் சர்க்கரையையும் இறக்கக்கூடியது.